யாருடைய ஆறு கிலோ?

அத்தியாயம் 11

வாடிப்பட்டி பஸ் சமயநல்லூரைத் தாண்டிக்கொண்டிருந்தபோது முத்துச்செல்வியின் போன் அடித்தது.

"மேடம், நான் இம்மானுவேல். அழகம்மாக்கா பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்துருச்சு. நெத்தியில நல்ல அடி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நீங்க ஆபீஸுக்குப் போகாம நேரா இங்க வந்துருங்க."

"நேத்துச் சாயங்காலம் நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்துச்சு?"

"என்னன்னு தெரியல மேடம். கண்ணு முழிச்சதும் உங்களத்தான் கேட்டுச்சு."

முத்துச்செல்வி தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். இம்மானுவேல் பக்கத்து மேஜைக்காரர். அழகம்மாள் அதே அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். முத்துச்செல்வி பிறந்த ஊர்தான் அவளுக்கும். இருவரும் பதினான்கு வருடமாக மதியச் சோற்றை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அழகம்மாளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை தவறியதே கிடையாது.

உடம்பைக் குறைக்க முத்துச்செல்வி பட்ட இந்த ஏழு மாதப் பாடு அழகம்மாளுக்கும் தெரியும். அதற்கு முன்பு தொண்ணூற்றிரண்டு கிலோவோடு அலுவலக மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். முழங்கால் வலி என்று ஒரு டாக்டரிடம் போனால், அவர் தலையை நிமிர்த்தாமலே, "வாயைக் கட்டுங்கம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று மாதம் எந்த டாக்டரிடமும் போகவில்லை அவள். கடைசியில் இம்மானுவேலின் மனைவி சொல்லித்தான் டாக்டர் சத்யப்ரியாவிடம் போனாள்.

அவர் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது. "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க மேடம்?"

தூக்கம், தைராய்டு, வீட்டு வேலை, அம்மா வழியில் யாருக்குச் சர்க்கரை என்று அரை மணி நேரம் கேட்டார். "சோம்பேறித்தனம்னு ஒரு நோய் எங்க புத்தகத்துல இல்ல" என்று சிரித்தார். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. சாப்பிட்டபின் பத்து நிமிட நடை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சி. நேரத்துக்குத் தூக்கம். தீபாவளி வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறியபோது முத்துச்செல்வி அவர் எதிரிலேயே அழுதுவிட்டாள். "இது மார்க் ஷீட் இல்ல மேடம். அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு மட்டும் பாப்போம்" என்றார் டாக்டர்.

இன்றைக்கு எண்பத்தாறு கிலோ. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏழிலிருந்து ஆறேகாலுக்கு வந்திருக்கிறது. மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறாள். கணவன் ராஜபாண்டிக்கு மட்டும் இது கேலி. "ஏழு மாசத்துக்கு ஆறு கிலோவா? ஆமை ஊருக்குப் போன கதையால்ல இருக்கு!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழகம்மாள் நெற்றியில் நாலு தையலோடு கிடந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

பணியில் இருந்த டாக்டர் முத்துச்செல்வியைத் தனியே அழைத்தார். "சர்க்கரை முப்பத்தெட்டுக்கு எறங்கியிருக்கு. மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருக்காங்க. ஆனா ஒன்பது நாளா காலையிலயும் ராத்திரியும் சாப்பாடு கிடையாது. ஏதோ பவுடரைக் கரைச்சுக் குடிச்சிருக்காங்க. கொண்டுவர இன்னும் தாமதமாகியிருந்தா உசுருக்கே ஆபத்து."

முத்துச்செல்வி கட்டிலுக்கு ஓடினாள். "என்னக்கா இது? யாரு ஒன்னையப் பவுடர் குடிக்கச் சொன்னது?"

"திட்டாத செல்வி." அழகம்மாளின் குரல் ஈனமாக இருந்தது. "ஒன்னையப் பாத்துத்தான் ஆரம்பிச்சேன். எங்கிட்டகூடச் சொல்லாம மறைச்சுட்டியேன்னு எனக்கு ஒரு வருத்தந்தான்."

"நான் எத மறைச்சேன்?"

"பவுடரத்தான். மதியச் சோறுதான நாம சேந்து திங்கிறோம்? காலையிலயும் ராத்திரியும் நீ என்னத்தத் திங்கிறன்னு நான் வந்து பாத்தனா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அழகம்மாளின் மகன் முத்திருளன் நின்றிருந்தான். இருபத்தாறு வயது, மில்லில் ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருந்தான். தன் போனை முத்துச்செல்வியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

இரண்டு படங்களைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். இடப்பக்கம் யாரோ கல்யாணத்தில் நீலப்பட்டு கட்டிய முத்துச்செல்வி. வலப்பக்கமும் அவள்தான். தலையில் ஈரத்துண்டு, பழைய பூப்போட்ட நைட்டி, தராசின் மேல் நின்று எண்ணைக் குனிந்து பார்க்கிறாள். பின்னாலிருந்து எடுத்தது. கீழே பெரிய சிவப்பு எழுத்து: 'புதுமேனி கிளப்பின் வெற்றிப் பெண்மணி முத்துச்செல்வி! 45 நாளில் ஆறு கிலோ! பவுடர் மட்டுமே!'

முத்துச்செல்விக்குக் காதுமடல் சுட்டது. மகள் ஹாஸ்டலுக்குப் போனபின் அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். தராசின் மேல் நின்றவள் ஒருத்தி என்றால் பின்னால் நின்றவன் யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. புதுமேனி கிளப், ராஜபாண்டியின் அக்கா செல்லக்கிளி பவுடர் விற்று நடத்துவது.

"போட்டோவுல இருக்கிறது நீங்கதானக்கா?" என்றான் முத்திருளன்.

"நாந்தான். ஆனா அந்த எழுத்து அம்புட்டும் பொய். நான் ஒரு நாளும் அந்தப் பவுடரத் தொட்டதில்ல."

"எங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாதுக்கா. அது படத்தத்தான் பாத்துச்சு. இதக் குடிச்சுத்தான் நீங்க எளைச்சீங்கன்னு கிளப்புல சொன்னத நம்பி வாங்கிருச்சு."

முத்துச்செல்வி அழகம்மாளின் ஊசி குத்தாத கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இம்மானுவேலிடம் லீவு சொல்லச் சொல்லிவிட்டு மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறினாள். வழி நெடுக உட்காரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ராஜபாண்டியின் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மதியம் ஒன்றரை இருக்கும். அவன் பிரேக் கம்பி ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன செல்வி, இந்நேரத்துல? லீவா?"

முத்திருளன் அனுப்பியிருந்த படத்தைத் தன் போனில் திறந்து நீட்டினாள். அவன் பார்த்தான். முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் அவளை என்னவோ செய்தது.

"அக்கா போட்டுருச்சா? நல்லாத்தான இருக்கு?"

"எப்ப எடுத்தீங்க?"

"ரெண்டு வாரத்துக்கு முந்தி, ஞாயித்துக்கெழம. நீ எண்பத்தாறுன்னு சொல்லிச் சிரிச்சியே, அதுக்குக் கொஞ்சம் முந்தி. சந்தோசத்துலதான் எடுத்தேன்."

"சந்தோசத்துல எடுத்தத எதுக்கு அனுப்புனீங்க?"

"அக்கா கேட்டுச்சு. நம்ம வீட்டு ஆளு ஒருத்தர் படம் இருந்தா கிளப்புக்கு நல்லதுன்னு சொல்லுச்சு. ஒன்னையப் பெருமையாத்தான போட்டிருக்கு?"

"நைட்டியோட நிக்கிறேன். எத்தனை பேருக்குப் போயிருக்குன்னு தெரியுமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம். சரி, விடு."

"நாப்பத்தஞ்சு நாளுன்னு போட்டிருக்கு."

"அது வியாபாரம் செல்வி. கொஞ்சம் கூடக் கொறையத்தான் இருக்கும்."

"ஏழு மாசம்ங்க." அவள் போனைக் கல்லாவின் மேல் வைத்தாள். "கீரையையும் பீன்ஸையும் தட்டுல வச்சுக்கிட்டு உக்காந்தா, மாட்டுக்குக் கழனித்தண்ணி ரெடியான்னு கேப்பீங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு வாசல்ல நடந்தா, வாட்ச்மேன் வேலைக்குப் போறியான்னு கேப்பீங்க. தீபாவளிக்கு ஏறுனப்ப, பாத்தியா, அம்புட்டுந்தான் ஒன் ஆட்டம்னு சொன்னீங்க. நான் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். வலிக்காமயா கேட்டேன்? இப்ப நான் பட்ட பாட்ட எடுத்து ஒரு டப்பாவுல ஒட்டி வித்துட்டீங்க."

"ஏய், கஸ்டமர் நிக்கிறாக. மெதுவாப் பேசு."

அவள் மெதுவாகவே பேசினாள். "அழகம்மாக்கா ஆஸ்பத்திரியில கெடக்கு. இந்தப் படத்தப் பாத்துட்டு, உங்க அக்காட்ட பவுடர் வாங்கிக் குடிச்சு, சர்க்கரை எறங்கி பஸ் ஸ்டாண்டுல விழுந்துருச்சு. நாலு தையல். உசுரு போயிருக்கும்னு டாக்டரு சொல்லுறாரு."

ராஜபாண்டியின் கை கம்பியை விட்டது. அடுத்து அவன் சொன்னதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அதுக்கு அக்கா என்ன பண்ணும்? மாத்திரை போடுறவுக டாக்டரக் கேட்டுட்டுல்ல குடிக்கணும்?"

"டாக்டரக் கேளுன்னு உங்க அக்கா சொல்லுச்சா? அந்தப் படத்துல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

அவன் மறுபடி கம்பியை எடுத்துச் சுருட்டினான்.

"இன்னைக்குக் கிளப் கூட்டம் எத்தனை மணிக்கு?"

"எதுக்கு?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"அஞ்சரைக்கு." அவன் கல்லாவைச் சுற்றி வெளியே வந்தான். "செல்வி, அக்கா எனக்கு அம்மா மாதிரி. ஒனக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும். நான் யாரு மாதிரின்னுதான் இத்தனை வருசமாத் தெரியல."

கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடி. முப்பது நாற்பது பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் முத்துச்செல்வியின் அதே இரட்டைப் படம், ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தது. தன் முதுகைத் தானே அவ்வளவு பெரிதாக அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

முன்னால் ஒரு தராசு. பக்கத்தில் மைக்கோடு செல்லக்கிளி. ஒவ்வொருத்தியாக ஏறி இறங்க, அவள் எண்ணை மைக்கில் வாசித்தாள். குறைந்தவளுக்குக் கைதட்டல். கூடியவள் கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்துக் கூட்டம் முடியும்வரை ஓரத்தில் நிற்க வைத்திருந்தாள். ஏற்கெனவே ஒரு இளம்பெண் அப்படி நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

செல்லக்கிளி முத்துச்செல்வியைப் பார்த்துவிட்டாள். "அடி ஆத்தி! யாரு வந்திருக்கான்னு பாருங்க! நம்ம படத்துல இருக்கிற ஆளே வந்துட்டா! என் தம்பி பொண்டாட்டிதான். வா செல்வி, வந்து ரெண்டு வார்த்தை சொல்லு."

கைதட்டல் எழுந்தது. முத்துச்செல்வி நேராக மைக்குக்குப் போகவில்லை. ஓரத்தில் நின்ற பெண்ணிடம் போய் அவள் கையிலிருந்த பூசணிக்காயை வாங்கிக் கீழே வைத்தாள். "உக்காரும்மா" என்றாள். கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகி நின்றது.

பிறகு மைக்கை வாங்கினாள்.

"நான் முத்துச்செல்வி. இந்தப் பவுடர நான் ஒரு ஸ்பூன்கூடக் குடிச்சதில்ல. ஆறு கிலோ கொறைஞ்சது நெசம். நாப்பத்தஞ்சு நாள்ல இல்ல, ஏழு மாசத்துல. நடுவுல ஒன்றரைக் கிலோ ஏறியும் இருக்கேன். மூணு வேளையும் சாப்பிட்டேன். இந்தப் படம் எனக்குத் தெரியாம எடுத்தது, என்னையக் கேக்காமப் போட்டது."

"செல்வி..." செல்லக்கிளி மைக்கைப் பிடிக்க வந்தாள். முத்துச்செல்வி தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்தப் படத்தப் பாத்து நம்பி, சர்க்கரை மாத்திரையப் போட்டுக்கிட்டே சோத்த நிறுத்துன ஒரு அக்கா இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல விழுந்துருச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கு. இங்க யாரெல்லாம் சர்க்கரை மாத்திரை போடுறீங்க?"

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இன்னொரு கை. மெல்ல மெல்ல ஆறு கைகள்.

"உங்க டாக்டரக் கேக்காம இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்ட விட்டுறாதீங்க. இத மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"அப்ப பவுடர் குடிச்சா கொறையாதா?" என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி, கொஞ்சம் கோபமாகவே.

"கொறையும். சாப்பாட்ட நிறுத்துனா யாருக்குத்தான் கொறையாது? மறுபடி சாப்பிட ஆரம்பிச்சப்ப என்ன ஆச்சுன்னு இந்தப் பிள்ளையக் கேளுங்க."

பூசணிக்காயோடு நின்ற பெண் முகத்தைத் துடைத்தாள். "மூணு கொறைஞ்சு நாலு ஏறிருச்சுக்கா. நான்தான் வாயக் கட்டலன்னு இவுக..."

"ஒன் தப்பில்லம்மா. பட்டினி போட்டா ஒடம்பு சும்மா இருக்காது. பசியக் கூட்டும், சக்தியச் செலவழிக்கிறதக் கொறைக்கும். எங்க டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னாங்க. இதுல பூசணிக்காயத் தூக்க வச்சு நாலு பேரு முன்னாடி சிரிச்சா ஒரு கிராம்கூடக் கொறையாது. வீட்டுக்குப் போயி அழுதுக்கிட்டே ரெண்டு வாய் கூடத்தான் திங்கத் தோணும். எனக்குத் தோணியிருக்கு."

செல்லக்கிளி மைக்கைப் பறித்தாள். முகம் கறுத்திருந்தது. "குடும்ப விசயத்த இப்பிடித்தான் வீதிக்குக் கொண்டுவருவியா?"

"என் முதுக வீதிக்குக் கொண்டுவந்தது யாரு மதினி?"

மைக் இல்லாமலே அது மாடி முழுக்கக் கேட்டது. முத்துச்செல்வி சுவரிடம் போய் பிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு முடிச்சு வரவில்லை. பூசணிக்காய்ப் பெண் எழுந்து வந்து பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தாள். பிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முத்துச்செல்வி இறங்கினாள்.

பாதிப் படியில் செல்லக்கிளி பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்தாள். மேலே நின்ற அதிகாரம் இப்போது அவளிடம் இல்லை.

"ஏன்டி இப்பிடிப் பண்ணுன? எனக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்களோ அதத்தான நான் சொன்னேன்? பொய்யா விக்கிறேன்? நானும் குடிக்கிறேன்டி. பத்து மாசமாச்சு நான் ராத்திரிச் சோறு தின்னு. தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. ஏறிருச்சுன்னா எவளும் வர மாட்டாளேன்னு பயந்து பயந்து தராசுல ஏறுறேன்."

கிட்டத்தில் பார்த்தபோதுதான் முத்துச்செல்விக்கு அவள் கழுத்தெலும்பு தெரிந்தது. வகிடு அகலமாகியிருந்தது. ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் நாலு தையல் போட்ட நெற்றி அவள் நினைவில் அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

"சாப்பிடுங்க மதினி. டாக்டரப் பாக்க நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா அழகம்மாக்காவுக்கு நடந்ததுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்."

"பதில்னா?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே முத்துச்செல்வியின் போன் அடித்தது. முத்திருளன்.

"அக்கா, அம்மா எந்திரிச்சு உக்காந்துருச்சு. கஞ்சி குடிக்குது. நாளைக்குக் காலையில நான் ஸ்டேசன்ல புகார் குடுக்கப் போறேன். எங்ககிட்ட இருக்கிறது அந்தப் படம் ஒண்ணுதான். அதுல இருக்கிறது உங்க பேரு. நீங்க நல்லவங்கன்னு அம்மா சொல்லுது. அத நான் எப்பிடி எழுதுறது?"

"என் பேர எழுது. நானும் ஒன்கூட வாரேன். படம் எப்பிடி வெளிய போச்சுன்னு அனுப்புனவர்ட்டயே எழுத்துல வாங்கிட்டு வாரேன்."

செல்லக்கிளி அவள் கையை விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது ஏழு மணி. ராஜபாண்டி கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்திருந்தான். அக்கா போனில் அழுதிருப்பாள் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

"போலீஸா, செல்வி? எங்க அக்கா மேலயா? பேசித் தீத்துக்கலாம்ல?"

அவள் கைகால் கழுவிவிட்டு வந்தாள். காலையில் ஊறவைத்த பயறு இருந்தது; குக்கரில் வைத்தாள். பசித்தது. பசியோடு சண்டை போடக்கூடாது என்று அவள் தெரிந்துகொண்டு ஏழு மாதம் ஆகிறது.

"நீ எழுதுறதா இருந்தா எழுதிக்க." ராஜபாண்டியின் குரல் உடைந்திருந்தது. "நான் தடுக்கல. அழகம்மாக்காவப் போயிப் பாத்துட்டுத்தான் வாரேன். அது என்னையப் பாத்து, வாங்க தம்பின்னு சொல்லுச்சு. எனக்கு நிக்க முடியல. எழுது. எம்பேர எழுதிக்க. அக்கா பேர மட்டும் விட்டுரு."

முத்துச்செல்வி அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். தாலுகா அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது மனு படிக்கிறவள். எந்த வரியில் ஆள் உண்மை சொல்கிறான், எந்த வரியில் நழுவுகிறான் என்று அவளுக்குத் தெரியும். தாளை மேஜையில் வைத்தாள். பேனாவை மூடி கழற்றி அதன் மேல் வைத்தாள். இரண்டையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"நான் எதுக்கு எழுதணும்? படம் எடுத்தது நீங்க. அனுப்புனது நீங்க. யாரு கேட்டா, யாருக்கு அனுப்புனீங்கன்னு தெரிஞ்சதும் நீங்க. உக்காந்து எழுதுங்க. எந்தப் பேர எழுதுறீங்க, எந்தப் பேர விடுறீங்கன்னு நான் பாக்குறேன்."

குக்கர் முதல் விசில் அடித்தது. ராஜபாண்டி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். 'நான்' என்று எழுதினான். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "தம்பி..." என்று செல்லக்கிளி கூப்பிட்டாள்.

அவன் தலையை நிமிர்த்தினான். முத்துச்செல்வி கதவைத் திறக்கப் போகவில்லை. அவன் விரலுக்கிடையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.